முன்கைக்கு ஒரு விலை

1

ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பவர், அதை வாங்கப் போகிறவனுடைய வாப்பாதான் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். அப்படி நம்புவதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது.

பத்தொன்பது வயதில் எனக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம். கற்பிட்டியில் எங்கள் வாப்பா கருவாட்டு வியாபாரி. பாலாவிச் சந்தியில் ஒரு முதலாளி பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, புதுப் பெண்கள் மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். அதில் ஒரு சிவப்பு வண்டி என் தூக்கத்தைக் கெடுத்தது. பஸ் ஏறிப் போய் விலை கேட்டேன். முதலாளி கண்ணைக் கூட இமைக்காமல் ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு வண்டியோடு சேர்த்துக் கடையையும் எழுதிக் கொடுக்கலாம். வாடிப்போய் வீட்டுக்கு வந்து, ஒரு சைக்கிளோடு அடங்கிப் போனேன்.

பல வருடங்கள் கழித்து என் கலியாண விருந்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஆறு பேரில் ஒருவராக இருந்த அதே முதலாளி விஷயத்தை உடைத்தார்.

"மாப்புள, ஒங்கட வாப்பா முந்தின நாளே வந்து செல்லிட்டுப் போன. மகன் வருவான், மூணு மடங்கு செல்லு எண்டு. எனக்குக் கணக்கு வராது, நான் அஞ்சு மடங்கு செல்லிட்டன்."

சஹனில் இருந்த எல்லோரும் வாயில் சோற்றோடு சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது வாப்பாதான்.

எங்கள் பக்கத்தில் இது இரகசியமும் அல்ல, குற்றமும் அல்ல. மகன் எதன் மேல் கண் வைத்திருக்கிறான் என்று மோப்பம் பிடித்து, அவனுக்கு முன் கடைக்காரரிடம் போய் ஒரு சொல் போட்டுவிட்டு வருவது வாப்பாமாரின் கடமைகளில் ஒன்று. கடைக்காரரும் மறுப்பதில்லை, அவருக்கும் மகன்கள் இருக்கிறார்கள். கிட்டார், கமரா, காற்றுத் துப்பாக்கி என்று புத்தளம் மாவட்டத்தில் மகன்மார் வாங்காமல் விட்ட பொருட்களை மட்டும் சேர்த்தால் ஒரு நூதனசாலை கட்டி, டிக்கட் போட்டுக் காட்டலாம்.

இந்த ஞானத்தையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் நான் மெல்பேர்ணுக்கு வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் கருவாட்டைப் பறித்துக் குப்பையில் போட்டார்கள். இதை விட்டுவிட்டார்கள். எதைப் பறிக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

2

என் மகன் ஷிஹானுக்கு இருபது வயது. பகலில் பல்கலைக்கழகத்தில் ஏதோ படிக்கிறான். பெயர் நீளமானது, ஊரில் கேட்பவர்களுக்கு 'கம்பியூட்டர்' என்று சொல்லி முடித்துவிடுவேன். மாலையில் கோழிப் பொரியல் கடையில் வேலை. அவனுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டி. வாசலைத் தாண்டினால் நின்றுவிடும்.

கடந்த குளிர்காலத்தில், இங்கே குளிர்காலம் என்றால் ஜூன் ஜூலை, ஒருநாள் பொழுதுபட்டதும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி பரீனா மீன் ஆணம் வைத்திருந்தாள். பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்வது போன்ற குரலில் ஷிஹான் சொன்னான்.

"வாப்பா, நான் ஒரு டட்டூ குத்தப் போறன். இங்க."

இடது முன்கையின் உட்பக்கத்தைக் காட்டினான். உள்ளங்கை அளவில் ஒரு திசைகாட்டியாம். வடக்கு, தெற்கு, ஊசி, எல்லாம் சேர்த்து. குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாத பையனுக்குத் திசைகாட்டி. சட்டைப் பையில் வழிசொல்லும் தொலைபேசி, கையில் திசைகாட்டி, அப்படியும் வீட்டுக்கு வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம்.

மார்க்கத்தில் கூடாது என்று தெரியாதா என்று பரீனா கேட்டாள். "தெரியும் உம்மா" என்றான். தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் அரை மணி நேரம் பயான் பண்ணிப் புத்தி சொல்லியிருப்பேன். தெரியும் என்கிறவனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? பரீனா எழுந்து போய், பாதி சாப்பிட்ட தட்டைக் கழுவ ஆரம்பித்தாள்.

எனக்கு மூளை நின்றுபோனது. நின்றுபோன மூளையிலிருந்து, வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு முதலில் வரக்கூடிய கேள்வி வந்தது.

"எவ்வளவு?"

"இன்னும் தெரியா. அது கனக்க விஷயத்தப் பொறுத்திரிக்கி, வாப்பா."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு உயிர் திரும்பியது. விலை இன்னும் முடிவாகவில்லை. அப்படியானால் வாப்பாவுக்கு வேலை இருக்கிறது.

என் பயத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுமையை நினைத்துத்தான் நான் நடுங்கினேன் என்று எழுதினால் வாசிக்க அழகாக இருக்கும். உண்மையில் நான் நடுங்கியது நானாவை நினைத்து. நானா என் கூடப்பிறந்த மூத்தவர், கற்பிட்டியில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில் கதைப்போம். அவர் ஊர்ப் புதினம் சொல்வார். நான் இங்குள்ள மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வேன். இன்னாருடைய மகன் காது குத்தியிருக்கிறான், இன்னாருடைய மகள் நாய் வளர்க்கிறாள். கடைசியில், கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுவது மாதிரி ஒரு வரி சொல்வேன்: "நம்மட ஊட்டுல அப்படியொண்டும் இல்ல, நானா." பல வருடமாக இந்த வரியில்தான் என் மரியாதை ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு கிழமையில் நானாவின் மகளுக்குக் கலியாணம். நாங்கள் மூவரும் போகிறோம். கலியாணத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மாத் தொழுகை, தொழுகை என்றால் முதலில் வுளு. பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளைச் சுற்றி ஊரே குந்தியிருந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக் கழுவுகிற இடத்தில், என் மகன் வடக்கையும் தெற்கையும் விரித்துக் காட்டப் போகிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நானாவுக்குப் பச்சை குத்தினவர்கள் மேல் பகை கிடையாது. களப்போரத்தில், கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற ஏரிக்கரையில், ஓலைக் குடில்கள் கட்டி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். வந்து இறங்குகிறவனின் கையைத்தான் முதலில் பார்ப்பார். இரண்டு கையும் நிறைந்திருந்தால் முழு வாடகை. வெறுங்கையோடு வருகிறவன் பேரம் பேசுவான் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அதாவது, களப்போரத்தில் கண்டால் அது வருமானம். ஹவுளோரத்தில் கண்டால் அது என் வளர்ப்பு.

3

ஷிஹான் போகப் போகிற கடையின் பெயரை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனும் கள்ளமில்லாமல் சொன்னான். அடுத்த நாள் வேலையில் லீவு போட்டேன். களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை எனக்கு. தலைவலி என்று சொன்னால் உடனே விடுவார்கள். காரை நாலு கடை தள்ளி நிறுத்தினேன். பச்சைக் கிரிக்கெட் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அன்று விடாத மழை. மழையில் கறுப்புக் கண்ணாடி போட்டு, சுவரோரமாக ஒதுங்கி நடந்தவனை அந்தத் தெருவில் பார்க்காமல் விட்டவர் யாரும் இருக்க மாட்டார்.

உள்ளே மண்டை ஓடுகளும் இரத்தமும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பல் வைத்தியரின் அறை மாதிரி இருந்தது. அதே வாசம், அதே சாய்கிற கதிரை. என் வயதுப் பெண் ஒருத்தி, தாடை வரை பூக்கள் படர, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடியோடு, தேத்தண்ணீரில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தாள். வணக்கம் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினாள்.

நான் அதை நிரப்பினேன். ஏன் நிரப்பினேன் என்று கேட்காதீர்கள். புலம்பெயர்ந்தவனின் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள், எதற்கு என்று கேட்க மாட்டான், பேனா தேடுவான். விசாவுக்கு நிரப்பி, வீட்டுக்கு நிரப்பி, பள்ளிக்கூடத்துக்கு நிரப்பி, கேள்வி கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எலும்புக்குள் எழுதியாகிவிட்டது. நீரிழிவு உண்டா, ஆம். இரத்த அழுத்தம், ஆம். கர்ப்பமாக இருக்கிறீர்களா, இல்லை. கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தோடு, பச்சை குத்திக்கொள்ள வந்த மனிதர் நானாகிவிட்டேன்.

என்ன குத்த வேண்டும் என்று கேட்டாள். வேறு ஒன்றும் ஞாபகம் வராததால் திசைகாட்டி என்றேன். இவரும் ஒருவரா என்ற மாதிரி தலையாட்டினாள். எவ்வளவு பெரிது, வேறு நிறம் வேண்டுமா, கறுப்பு மட்டும் போதுமா, எவ்வளவு நுணுக்கமான கோடுகள், உடம்பில் எந்த இடம். ஒவ்வொரு கேள்விக்கும் விலை ஏறி இறங்கும் என்று விளக்கினாள். மணித்தியாலக் கணக்குத்தான் அடிப்படை. பெரிதானால் நேரம் கூடும், நுணுக்கமானால் கூடும், நிறம் சேர்ந்தால் கூடும். சின்னப் புள்ளி ஒன்று வைத்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. ஊசி, மைக் கிண்ணம், கையுறை எல்லாம் ஒருவருக்குப் பாவித்ததும் எறிந்துவிட வேண்டும். அவளே புதிதாக வரைந்தால் அதற்குத் தனி. முற்பணம் கட்டினால்தான் நாள் தருவாள். வராமல் விட்டால் திரும்பக் கிடைக்காது. என் முன்கையைத் திருப்பிப் பார்த்து, கறுத்த தோலில் மெல்லிய கோடு எடுபடாது, கொஞ்சம் தடிப்பாகப் போட வேண்டும் என்றாள். பிறகு தோலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, வயதைப் பற்றியும் மென்மையாக ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

முன்கை என்றால் லேசு. தட்டையான இடம், ஆடாது, வலியும் குறைவு. கறுப்பில், உள்ளங்கை அளவுக்கு முந்நூற்றைம்பது டொலர். அதே படத்தை விலாவில் குத்தினால் ஐந்நூறைத் தாண்டும். மூச்சு விடும்போதெல்லாம் விலா ஏறி இறங்கும், தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆள் வலியில் துடிக்கும், நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியும் அதிகம், விலையும் அதிகம், யாரும் பார்க்கவும் முடியாது. அப்படி ஒரு இடத்தில் காசு கொடுத்துக் குத்துகிற முட்டாளும் உலகத்தில் இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

இனித்தான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய மடத்தனம். நான் வந்தது விலையைக் கூட்டச் சொல்ல. ஆனால் ஒரு தொகையைக் காதால் கேட்டதும் இரத்தத்தில் இருந்தது எழும்பிவிட்டது. முந்நூற்றைம்பதா, இந்தச் சின்னப் படத்துக்கா, கடைசி விலையைச் சொல்லுங்கள் என்றேன். அதுதான் கடைசி என்றாள். இருநூறு என்றேன். அவள் பிஸ்கட்டை நனைத்தாள். சிலாபம் மீன் சந்தையில் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மீனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உதட்டைச் சுழித்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பத்தடி போவதற்குள் வியாபாரி கூப்பிடுவான். நான் அவள் மேசையை ஒரு மாதிரி பார்த்தேன், உதட்டைச் சுழித்தேன், நடந்தேன். மெதுவாக நடந்தேன். காதைப் பின்னால் விட்டுவிட்டு நடந்தேன். கதவு வந்துவிட்டது. திறந்தேன். மணி அடித்தது, மழைச் சாரல் முகத்தில் அடித்தது. யாரும் கூப்பிடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்திருந்தாள். கூப்பிடாத கடைக்கு நானாகத் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, விஷயத்தைக் கொட்டினேன். மகன், திசைகாட்டி, முன்கை, கலியாணம். அவன் வந்தால் மூன்று மடங்கு விலை சொல்லுங்கள், உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்று பாலாவி முதலாளியிடம் பேசுகிற குரலில் கெஞ்சினேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மூன்று மடங்கு சொன்னால் உங்கள் மகன் டட்டூவைக் கைவிட மாட்டான், என்னைத்தான் கைவிடுவான். யாராவது ஒருத்தன் தன் வீட்டுக் கராஜில் வைத்துப் பாதி விலைக்குக் குத்துவான். பிறகு அந்த அசிங்கத்தை மறைக்க உங்கள் மகன் என்னிடம்தான் வருவான். அதற்கு நான் உண்மையிலேயே மூன்று மடங்கு வாங்குவேன்."

ஒரு வாடிக்கையாளரைப் பற்றி இன்னொருவரிடம் தான் பேசுவதில்லை, ஆகவே நான் வந்ததை அவனிடம் சொல்லப் போவதில்லை என்றும், அவன் வருவானா இல்லையா என்பதை என்னிடமும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னாள். நான் வெளியே வந்து, கார் வரை நனைந்து போனேன். தலை நனைகிறதே என்று அப்போதும் உறைக்கவில்லை.

4

தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எடுக்கப் போக முகம் இல்லை. போகட்டும் என்று விட்டேன்.

ஒரு கிழமை கழித்து, வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், வாசல் கொளுக்கியில் அந்தப் பச்சைத் தொப்பி தொங்குகிறது. நனைந்து காய்ந்த சுருக்கத்தோடு. பரீனாவிடம் கேட்க முடியாது. அவளுக்கு நான் போன கதையே தெரியாது. ஷிஹான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் ஒரு தொப்பியைப் பார்க்காதது மாதிரி நடக்கப் பழகினோம்.

அவன் கடைக்குப் போயிருக்கிறான் என்பது உறுதி. குத்தினானா என்பதுதான் தெரியவில்லை. குளிர்காலத்தில் தடித்த சட்டைக்குள் இருக்கிற கையை எப்படிப் பார்ப்பது? காரைக் கழுவச் சொன்னேன். பணம் போட்டால் கழுவுகிற இயந்திரத்துக்குக் கொண்டுபோனான். ரொட்டிக்கு மாக் குழைக்கச் சொன்னேன். கோழிக் கடையிலிருந்து கொண்டுவந்த நீளக் கையுறையைப் போட்டுக்கொண்டு குழைத்தான். கொதிதண்ணீர் கையில் படுகிற மாதிரி ஒரு விபத்தைத் தயாரிக்கலாமா என்று கூட ஒரு நிமிடம் யோசித்தேன். நல்ல வேளையாக விமானம் ஏறும் நாள் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைத் தொலைபேசியில் என் கையெழுத்து வரியை மட்டும் அந்த நாட்களில் சொல்லாமல் விட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன்.

5

கற்பிட்டியில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஹவுளில் எனக்கு ஒரு பக்கம் நானா, மறுபக்கம் ஷிஹான். தண்ணீரைப் பார்ப்பது மாதிரி அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலது கையை மடித்தான். பிறகு இடது கையை மடித்தான். முழங்கைக்கு மேல் வரை மடித்தான். இரண்டு கையும் அவன் பிறந்த அன்று இருந்த மாதிரி இருந்தன.

என் நெஞ்சிலிருந்து ஒரு லொறி இறங்கிப் போனது. தொழுகை முடிந்து வெளியே வரும்போது நானா அவன் தோளைத் தட்டி, எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அங்க இருந்தும் புள்ளய நல்லா வளத்திரிக்காய், தம்பி."

அந்த வார்த்தையை நான் பதக்கம் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டேன். கூடவே மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டேன். அந்தப் பெண் கண்டிப்பாகப் பேசினாலும், கடைசியில் விலையைக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறாள். என் வேண்டுகோள் வேலை செய்திருக்கிறது. பாலாவி முறை மெல்பேர்ணிலும் செல்லும். அன்று முழுக்க ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். யாரோ ஒருவரின் மகள் நாய் வளர்க்கிற கதையை மூன்று பேரிடம் சொன்னேன்.

அடுத்த நாள் பையன்கள் எல்லோரும் களப்பில் குளிக்கப் போனார்கள். ஷிஹான் மட்டும் சட்டையைக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்து, நானாவின் வெள்ளைக்காரர்கள் பட்டத்தோடு பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணி பிடிக்காதாம். வெளிநாட்டு வளர்ப்பு என்று நானாவின் பையன்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து செய்தேன்.

நிக்காஹ் அன்று பின்னேரம், கலியாணத்துக்குத் தைத்த நீளச் சட்டை தோளில் இறுகுகிறது என்று ஷிஹான் அறையிலிருந்து கூப்பிட்டான். போய்ப் பின்னாலிருந்து இழுத்துவிட்டேன். கழற்றித் திரும்பப் போட என்று அவன் கைகளைத் தூக்கியபோது சட்டை நெஞ்சு வரை ஏறியது. இடது விலாவில், அக்குளுக்குக் கீழே, உள்ளங்கை அளவில் திசைகாட்டி. கோடுகள் தடிப்பாக, சுத்தமாக இருந்தன. சில இடங்களில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"முன்கை எண்டுதானே செல்லின?" என்றேன்.

அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"முன்கைக்குத்தான் போன. நாள் குறிக்கப் போகக்குள்ள மேசையில ஒங்கட தொப்பி இரிந்த. அவ ஒண்டும் செல்லல்ல. அதக் கண்ட பிறகுதான் இடத்த மாத்தின." கண்ணாடியில் பொத்தான்களைப் போட்டபடி, தமிழில் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்தான். "முன்கையில எண்டா ஹவுள்ல தெரியும், வாப்பா. பெரிய வாப்பா என்னக் கேக்க மாட்டார். ஒங்களத்தான் கேப்பார்."

வெளியே மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். "எவ்வளவு?" என்று கேட்டேன்.

சொன்னான். முன்கைக்கு முந்நூற்றைம்பது, விலாவுக்கு ஐந்நூற்றிருபது. வலி தாங்காமல் அடிக்கடி நிறுத்தச் சொன்னதால் நேரம் நீண்டு, அதற்கும் சேர்த்து எடுத்தாளாம். கோழிக் கடைச் சம்பளத்தில் அவனே கொடுத்தான்.